வால்வு ஆம்ப்பில் இன்புட் ஜாக் கரகரக்கிறது: ஜாக்கை மாற்றுவதா, ஈயம் வைத்தால் போதுமா?

ஆறுகம்பி

வணக்கம். 40 வாட் காம்போ ஆம்ப், 12 இன்ச் ஸ்பீக்கர் ஒன்று. உள்ளே பவர் வால்வுகள் இரண்டு 6எல்6, சிறிய வால்வுகள் மூன்று 12ஏஎக்ஸ்7. இன்புட் ஜாக் இரண்டும் பிளாஸ்டிக், நேராக சர்க்யூட் போர்டிலேயே ஈயம் வைத்த வகை.

கொஞ்ச நாளாக முதல் இன்புட்டில் கேபிள் லேசாக அசைந்தாலே கரகரவென்கிறது, சில நேரம் சத்தமே நின்றுவிடுகிறது. பிளக்கை மேல்நோக்கித் தூக்கிப் பிடித்தால் திரும்ப வருகிறது. கேபிளும் கிட்டாரும் மாற்றிப் பார்த்தாயிற்று. எதுவும் செருகாமல் இருந்தால் முன்பு அமைதியாக இருக்கும். இப்போது வால்யூம் 3-இலேயே இரைச்சலும் ஹம்மும் வருகின்றன. இரண்டாம் இன்புட்டில் எப்போதும் சத்தம் குறைவாகத்தான் வரும், அதுவும் இப்போது முதல் இன்புட் அளவுக்கே வருகிறது. இதெல்லாம் ஒரே கோளாறா என்று தெரியவில்லை.

பிக்கப், பெடல் அளவுக்கு சால்டரிங் கைப்பழக்கம் உண்டு. ஆம்ப்பைத் திறந்ததில்லை. எந்த ஜாக் வாங்க வேண்டும், திறக்கும் முன் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

ஈயப்பற்று

இரண்டாம் இன்புட்டில் சத்தம் கூடிவிட்டது என்று கடைசியில் சொன்னீர்களே, அதுதான் முக்கியமான தடயம்.

1960-களின் ஃபெண்டர் ஆம்ப்களில் இருந்த இன்புட் அமைப்பைத்தான் இந்த மாதிரி இரட்டை இன்புட் ஆம்ப்கள் பலவும் பின்பற்றுகின்றன. ஒவ்வொரு ஜாக்கின் டிப்பிலிருந்தும் (பிளக்கின் நுனியைத் தொடும் காண்டாக்ட்) ஒரு 68 கே, அதாவது 68,000 ஓம் ரெசிஸ்டர் கிளம்பி, இரண்டும் முதல் 12ஏஎக்ஸ்7-இன் கிரிட்டில் (வால்வுக்குள் சிக்னல் நுழையும் முனை) சேரும். முதல் ஜாக்கின் டிப்பிலிருந்து கிரவுண்டுக்கு (சேசிஸ் என்ற உலோகச் சட்டத்தோடு சேரும் பொது இணைப்பு) 1 மெக், அதாவது 10 லட்சம் ஓம். இரண்டு ஜாக்கிலும் ஸ்விட்ச் காண்டாக்ட் இருக்கிறது. பிளக் இல்லாதபோது முதல் ஜாக்கின் காண்டாக்ட் அதன் டிப்பை கிரவுண்டில் போட்டுவிடும். இரண்டாவதன் காண்டாக்ட் தன் டிப்பை முதல் ஜாக்கின் டிப்போடு இணைக்கும்.

ஆகவே இரண்டாவதில் செருகினால், சிக்னல் ஒரு 68 கே வழியாக கிரிட்டுக்கு வர, இன்னொரு 68 கே அதைக் கிரவுண்டுக்கு இழுக்கும். பாதி வோல்டேஜ், அதாவது 6 டெசிபல் குறைவு. முதல் ஜாக்கின் ஸ்விட்ச் காண்டாக்ட் கிரவுண்டைத் தொடாமல் போனால் இந்த இழுப்பு இல்லை, சத்தம் முழுதாக வரும். எதுவும் செருகாதபோது கிரிட்டும் சரியாகக் கிரவுண்டாகாது, 1 மெக்கின் முனையில் தொங்கிக்கொண்டு அக்கம்பக்கத்து இரைச்சலையெல்லாம் பிடிக்கும். நீங்கள் சொன்ன இரண்டு அறிகுறியும் இதிலேயே வந்துவிடுகின்றன.

ஆம்ப்பைத் திறக்காமலே உறுதி செய்யலாம். மெயின்ஸ் பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிடுங்கள். நல்ல கிட்டார் கேபிள் ஒன்றை இன்புட்டில் செருகி, மறுமுனைப் பிளக்கில் டிப்புக்கும் ஸ்லீவுக்கும் (பிளக்கின் உடல் பகுதி) இடையே மல்டிமீட்டரால் ஓம் பாருங்கள். முதல் இன்புட்டில் சுமார் 1 மெக் வர வேண்டும். இரண்டாம் இன்புட்டில் 68-உம் 68-உம் சேர்ந்து 136 கே வர வேண்டும். அங்கே 1.1 மெக்குக்கு மேல் காட்டினால் முதல் ஜாக்கின் ஸ்விட்ச் திறந்தே கிடக்கிறது என்று அர்த்தம். அடுத்து கேபிளின் ஸ்லீவிலிருந்து சேசிஸ் ஸ்க்ரூவுக்கு: 1 ஓமுக்குள் இருக்க வேண்டும். இந்த மூன்று அளவையும் பிளக்கை மேலும் கீழும் மெதுவாக அசைத்தபடியே எடுங்கள். உங்கள் மாடலின் சர்க்யூட் படத்தில் 68 கே, 68 கே, 1 மெக் என்றுதான் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், வேறு மதிப்பு இருந்தால் கணக்கு மாறும்.

ஆறுகம்பி

மிக்க நன்றி. சர்க்யூட் படத்தில் நீங்கள் சொன்ன மதிப்புகளேதான். முதல் இன்புட்டில் 1 மெக் வருகிறது, ஆனால் பிளக்கை அசைத்தால் மீட்டர் திறந்த சர்க்யூட் காட்டிவிட்டுத் திரும்புகிறது. ஸ்லீவ் முதல் சேசிஸ் அளவும் அதே நேரத்தில் அறுகிறது, தூக்கிப் பிடித்தால் 0.4 ஓம். இரண்டாம் இன்புட்டில் 1.13 மெக், எப்படி அசைத்தாலும் மாறவில்லை.

ஈயப்பற்று

அப்படியென்றால் முதல் ஜாக்கிலேயே இரண்டு பழுது. ஸ்லீவ் காலின் ஈயம் போர்டில் விரிசல் விட்டிருக்கிறது, அதனால்தான் தூக்கினால் ஒட்டுகிறது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் காலைச் சுற்றி முடி அளவுக்கு வட்டமான கறுப்புக் கோடு தெரியும். ஸ்விட்ச் காண்டாக்ட் தனியாகச் செத்திருக்கிறது: ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், அழுக்கு படிந்திருக்கலாம், அதன் காலிலும் விரிசல் இருக்கலாம்.

மறுபடி ஈயம் வைத்தால் கரகரப்பு நிற்கும். ஆனால் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் ஈயம் அதற்கு ஒன்றும் செய்யாது. ஒரு கனமான தாள் துண்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்து, காண்டாக்டுக்கு நடுவே விட்டு இரண்டு மூன்று முறை இழுத்துப் பாருங்கள். அதிலும் 136 கே வரவில்லையென்றால் ஜாக்கை மாற்றுவதே சரி. உப்புத்தாள் போடாதீர்கள். மேல்பூச்சு போய்விடும், பிறகு சீக்கிரமே ஆக்சைடு பிடிக்கும்.

செவ்வொளி

திறப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். இரண்டு 6எல்6 வைத்த ஆம்ப்பில் பிளேட் சப்ளை, அதாவது வால்வுகளுக்குப் போகும் உயர் வோல்டேஜ், 400 வோல்ட்டைத் தாண்டும். மெயின்ஸை உருவிய பிறகும் ஃபில்டர் கப்பாசிட்டர்களில் அது நிற்கும். 47 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் ஒன்றில் 450 வோல்ட் இருந்தால் கிட்டத்தட்ட 4.8 ஜூல். உள்ளே இப்படிப் பல உண்டு. ஒரு கையிலிருந்து மறுகைக்கு நெஞ்சு வழியாகப் பாய்ந்தால் ஆளைக் கொல்லும்.

பவரை அணைக்கும்போது ஸ்டாண்ட்பை ஸ்விட்சை (வால்வுகளைச் சூடாக வைத்து உயர் வோல்டேஜை மட்டும் நிறுத்துவது) வாசிக்கும் நிலையிலேயே விடுங்கள். சூடான வால்வுகள் ஆறுவதற்குள் சார்ஜில் பெரும்பகுதியை அவையே இழுத்துவிடும். ஸ்டாண்ட்பையில் போட்டுவிட்டு அணைத்தால் அந்த வடிகால் அடைபட்டுவிடும், முதல் கப்பாசிட்டர்களில் சார்ஜ் அப்படியே நிற்கும். இது பலருக்குத் தெரியாது.

பிறகு மெயின்ஸ் பிளக்கை உருவி, ஸ்பீக்கர் வயரைக் கழற்றி, சேசிஸை வெளியே எடுங்கள். ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கம் கனம் அதிகம், கவிழ்த்து வைத்தால் வால்வு நொறுங்கும். வால்வுகளை முன்கூட்டியே கழற்றி எது எந்த சாக்கெட் என்று குறித்து வையுங்கள். சேசிஸின் இரு முனைக்கும் மரக்கட்டை முட்டுக் கொடுங்கள்.

வடிப்பதற்கு: முதலைவாய் கிளிப் வயரின் ஒரு முனையை முதலில் சேசிஸில் மாட்டுங்கள். மறுமுனையை முதல் 12ஏஎக்ஸ்7-இன் 1-ஆம் பின்னில், அதாவது பிளேட்டில் மாட்டுங்கள். ஒற்றைக் கையால் செய்யுங்கள், மறுகை பைக்குள் இருக்கட்டும். அங்கிருக்கும் 100 கே பிளேட் ரெசிஸ்டர் வழியாக எல்லா கப்பாசிட்டரும் பொறி பறக்காமல் வடியும். இரண்டு நிமிடம் விடுங்கள். அதற்குப் பிறகும் நம்பாதீர்கள். மீட்டரை 600 வோல்ட் அல்லது அதற்கு மேல் டிசி அளவில் வைத்து ஒவ்வொரு கப்பாசிட்டராக அளந்து, 10 வோல்ட்டுக்குக் கீழே வந்ததா என்று பாருங்கள். சப்ளை வரிசையில் ஒரு ரெசிஸ்டர் எரிந்து அறுந்திருந்தால் அதற்கு முந்தைய கப்பாசிட்டர் வடிந்திருக்காது. பயாஸ் சப்ளையின் (பவர் வால்வுகளின் கிரிட்டுக்கு நெகடிவ் வோல்டேஜ் தருவது) கப்பாசிட்டரும் இந்த வழியில் வடியாது, ஆனால் அதில் 50 வோல்ட் வாக்கில்தான் இருக்கும்.

வேலை முடியும்வரை கிளிப் அப்படியே இருக்கட்டும். வடிந்த கப்பாசிட்டரிலும் வோல்டேஜ் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப ஏறும். பவர் போடும் முன் அதைக் கழற்ற மறக்காதபடி, மெயின்ஸ் பிளக்கில் ஒரு சீட்டுக் கட்டி வையுங்கள். ஸ்க்ரூட்ரைவரால் நேரடியாக ஷார்ட் செய்யவே செய்யாதீர்கள், நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து முனையே உருகும்.

ஈயப்பற்று

ஜாக் மாற்றும் பகுதி. போர்டு, பானல் மேல் இருக்கும் ஜாக் நட்டுகளிலும் பாட் (வால்யூம் போன்ற திருகு கண்ட்ரோல்) நட்டுகளிலும்தான் தொங்கிக்கொண்டிருக்கும். ஆகவே நாப் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். நாப் இறுகியிருந்தால் ஸ்க்ரூட்ரைவரால் நெம்ப வேண்டாம், பானலில் கீறல் விழும். ஒரு ஷூ லேஸை நாப்புக்கு அடியில் ஒரு சுற்றுச் சுற்றி நேர்மேலே இழுத்தால் வந்துவிடும். எந்த வயர் எங்கே போகிறது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். போர்டுகளுக்கு இடையே போகும் ரிப்பன் வயர்களை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மடக்கினால் அடிக்கம்பி முறியும். அப்புறம் அது ஒரு தனி வேட்டை.

பழைய ஜாக்கை முழுசாகப் பிடுங்க முயன்றால் போர்டின் செப்புப் பட்டையும் கூடவே வரும். கட்டரால் பிளாஸ்டிக் உடலைத் துண்டாக்கி எடுத்துவிடுங்கள். கால்கள் மட்டும் தனித்தனியாக நிற்கும். ஒவ்வொன்றிலும் முதலில் 63/37 ஈயம் (63% வெள்ளீயம், 37% காரீயம்) கொஞ்சம் புதிதாக வையுங்கள். ஈயமில்லாத சால்டர் போட்ட போர்டாக இருந்தால் அது 217 டிகிரிக்கு மேல்தான் உருகும். 63/37 உருகுவது 183 டிகிரியில், இரண்டும் கலந்தால் சீக்கிரம் இளகிவிடும். பிறகு ட்வீசரால் காலை இழுத்து, மிச்சத்தை விக் (ஈயத்தை உறிஞ்சும் செப்புப் பின்னல்) அல்லது சக்கர் (உறிஞ்சு பம்ப்) வைத்து எடுங்கள். அயர்ன் 350 டிகிரி, அகலமான உளிமுனை. கிரவுண்ட் கால் பெரிய செப்புத் தளத்தோடு சேர்ந்திருப்பதால் சூட்டை இழுத்துக்கொண்டே போகும். சின்ன முனை வைத்து நெடுநேரம் போராடினால்தான் பேட் (காலைச் சுற்றியுள்ள செப்பு வட்டம்) கிளம்பும், பெரிய முனை இரண்டே நொடியில் முடித்துவிடும். துளையின் உள்சுவர்ப் பூச்சு காலோடு வந்துவிட்டால் பயப்பட வேண்டாம். அந்தப் பாதை போய்ச் சேரும் அடுத்த ரெசிஸ்டர் காலுக்கு மெல்லிய வயரால் இணைப்புக் கொடுத்துவிடலாம்.

புதிய ஜாக் அதே கால் அமைப்பு, அதே ஸ்விட்ச் காண்டாக்ட் உள்ளதாக இருக்க வேண்டும். வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும் மோனோ, ஸ்டீரியோ, ஸ்விட்ச் உள்ளது, இல்லாதது என்று வகை வகையாக வரும். சென்னை ரிச்சி தெருவில் வாங்குவதாக இருந்தால் பழைய ஜாக்கின் கால் இடைவெளியை அளந்து எழுதிக்கொண்டு போங்கள், மீட்டரும் ஒரு பிளக்கும் கையில் இருந்தால் காண்டாக்டைக் கடையிலேயே சோதிக்கலாம்.

நான் இவ்வளவு எழுதியதில் நீங்கள் விடவே கூடாத ஒன்று இதுதான்: எல்லாக் காலுக்கும் ஈயம் வைத்துவிட்டு அப்புறம் நட்டை முறுக்காதீர்கள். போர்டுக்கும் பானலுக்கும் அரை மில்லிமீட்டர் விலகல் இருந்தாலும் நட்டு அதை இழுத்துப் பிடிக்கும், அந்த இழுவை முழுவதும் ஈயத்தின் மேலேயே நிரந்தரமாக உட்கார்ந்திருக்கும். இப்போது உடைந்திருப்பதும் பெரும்பாலும் அப்படித்தான். ஒரே ஒரு காலை மட்டும் லேசாக ஒட்டி, போர்டைப் பானலில் பொருத்தி, நட்டைக் கையால் இறுக்கி, மேலும் கால் சுற்று கொடுங்கள். இப்போது ஒட்டிய காலை மறுபடி உருக்குங்கள், ஜாக் தானாகவே தன் இடத்தில் உட்காரும். அதன் பிறகு மற்ற கால்கள். பொருத்திய நிலையில் ஈயப் பக்கம் எட்டாத ஆம்ப் என்றால், ஒட்டிய காலோடு இடம் பார்த்துவிட்டு போர்டை அலுங்காமல் வெளியே எடுத்து முடியுங்கள்.

இரண்டாம் ஜாக்கின் கால்களையும் இந்தச் சாக்கிலேயே உருக்கிப் புது ஈயம் வைத்துவிடுங்கள். அதே வயது, அதே உழைப்பு.

பாஸ்கட்டை

ஈயப்பற்று சொன்னதில் ஒரு இடத்தில் வேறுபடுகிறேன். மீண்டும் அதே பிளாஸ்டிக் ஜாக் போட்டால் கேபிளின் இழுப்பு மறுபடியும் போர்டுக்குத்தான் போகும். உலோக ஜாக்கைப் பானலில் இறுக்கி, அங்கிருந்து போர்டுக்குச் சின்ன வயர் கொடுத்தால் யாராவது கேபிளில் கால் தடுக்கினாலும் சேசிஸ் தகடுதான் வாங்கிக்கொள்ளும். ஸ்விட்ச்கிராஃப்ட் நிறுவனத்தின் 12ஏ ஜாக் இந்த இடத்துக்கு ஏற்றது: மோனோ, ஸ்விட்ச் காண்டாக்டோடு வரும். 11 என்பது ஸ்விட்ச் இல்லாதது, அதை இன்புட்டில் போட்டால் இவருக்கு இப்போது இருக்கிற அதே ஹம் நிரந்தரமாகிவிடும். 12பி ஸ்டீரியோ.

அதற்கான துளை 3/8 இன்ச், அதாவது 9.5 மில்லிமீட்டர். பிளாஸ்டிக் ஜாக்கின் துளை அதைவிடப் பெரிதாக இருக்கும், இருபுறமும் அகலமான வாஷர் வேண்டும். தகட்டுக்கு உள்பக்கம் பல் வாஷர் கட்டாயம் போடுங்கள். அது இல்லாவிட்டால் நட்டு கொஞ்சம் தளர்ந்ததும் ஜாக் சுழன்று வயரை முறுக்கி அறுத்துவிடும். நட்டுக்கு அரை இன்ச் ஸ்பேனர். இறுக்கும்போது ஜாக்கில் ஒரு பிளக்கைச் செருகிப் பிடித்துக்கொண்டால் சுழலாது.

எந்த லக் (வயர் ஒட்டும் கால்) எது என்று ஊகிக்க வேண்டாம். பிளக்கை மெதுவாக உள்ளே விடும்போது நகரும் வளைந்த தகடு டிப், அது விலகிப் பிரியும் தகடு ஸ்விட்ச், உடலோடு ஒட்டியிருப்பது ஸ்லீவ். மீட்டரிலும் பார்த்துக்கொள்ளுங்கள். டிப் வயர் 5 சென்டிமீட்டருக்குள் என்றால் சாதாரண வயரே போதும். அதைவிட நீளம் என்றால் ஷீல்டு வயர் போட்டு, ஷீல்டை ஒரு முனையில் மட்டும் கிரவுண்ட் செய்யுங்கள்.

ஈயப்பற்று

பலத்தைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் உலோக ஜாக்கின் ஸ்லீவ் சேசிஸைத் தொடும். பிளாஸ்டிக் ஜாக் வைத்து வடிவமைத்த போர்டில் ப்ரீஆம்ப் கிரவுண்ட் வேறு ஓர் இடத்தில் ஏற்கனவே சேசிஸோடு சேர்ந்திருக்கும். இப்போது இரண்டு இடமாகிவிடும், நடுவே ஒரு மூடிய வளையம், அதாவது கிரவுண்ட் லூப். சில ஆம்ப்பில் ஒன்றும் தெரியாது, சிலதில் புதிதாக ஹம் வந்து நிற்கும். உலோக ஜாக்தான் போடுவது என்றால் ஃபைபர் ஷோல்டர் வாஷரும் (படி உள்ள, மின்சாரம் கடத்தாத வாஷர்) சேர்த்து வாங்கி, ஜாக்கைச் சேசிஸிலிருந்து பிரித்தே மாட்டுங்கள்.

ஆறுகம்பி

இரண்டு பேருக்கும் நன்றி. போர்டில் இருப்பதுபோலவே பிளாஸ்டிக் ஜாக் கிடைத்தால் அதையே போடுகிறேன், இல்லாவிட்டால் ஷோல்டர் வாஷரோடு 12ஏ. இன்னொன்று கேட்க வேண்டும். பின்னால் ஸ்பீக்கர் ஜாக்கும் லேசாக ஆடுகிறது. சத்தத்தில் குறை எதுவும் இல்லை. அதையும் இப்போதே பார்க்க வேண்டுமா, பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

செவ்வொளி

அதை முதலில் பாருங்கள். இன்புட் ஜாக் கெட்டால் சத்தம் போகும், அவ்வளவுதான். ஸ்பீக்கர் ஜாக் வாசிக்கும்போது விட்டு விட்டுத் தொட்டால் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரே போகலாம். லோடு அறுந்த நொடியில் ட்ரான்ஸ்ஃபார்மரில் இருக்கும் ஆற்றலுக்குப் போக்கிடம் இல்லை. ப்ரைமரியில் ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் கிளம்பி, வைண்டிங்கின் இன்சுலேஷனையோ 6எல்6 சாக்கெட்டின் பின்களுக்கு இடைப்பட்ட இடத்தையோ பொத்துக்கொண்டு பாயும். சாக்கெட்டில் கரிக்கோடு விழுந்தால் சாக்கெட்டையே மாற்ற வேண்டும், கரி மின்சாரம் கடத்தும்.

பழைய ஃபெண்டர் வடிவமைப்பில் பிரதான ஸ்பீக்கர் ஜாக்கும் ஸ்விட்ச் உள்ள 12ஏ வகைதான். பிளக்கை உருவினால் அவுட்புட்டை ஷார்ட் செய்துவிடும். இத்தகைய ஆம்ப்பில் சற்று நேர ஷார்ட், திறந்த அவுட்புட்டைவிட எவ்வளவோ பரவாயில்லை. உங்களுடையதும் அப்படியா என்று சர்க்யூட் படத்தில் பாருங்கள். அப்படியென்றால் அதே ஸ்விட்ச் வகையைத்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். 8 ஓமில் 40 வாட் என்றால் 2.2 ஆம்பியருக்கு மேல் போகும், ஆகவே வயர் தடிமனாக இருக்கட்டும். ஸ்பீக்கருக்கு ஒருபோதும் கிட்டார் கேபிள் போடாதீர்கள்.

மாற்றிய பின் ஆம்ப் அணைந்திருக்கும்போதே ஸ்பீக்கர் பிளக்கை உருவி அதன் டிப்புக்கும் ஸ்லீவுக்கும் ஓம் பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் டிசியில் 6, 7 ஓம் காட்டும். வயரை அசைத்தாலும் அது ஆடக் கூடாது.

கேட்காவிட்டாலும் இதையும் சொல்லிவிடுகிறேன். மெயின்ஸ் பிளக்கின் எர்த் பின்னிலிருந்து சேசிஸுக்கு 1 ஓமுக்குள் வருகிறதா என்று பாருங்கள். கேபிளின் ஸ்லீவ் வழியாக உங்கள் கிட்டார் கம்பிகள் சேசிஸோடுதான் சேர்ந்திருக்கின்றன. ஹம்மைக் குறைக்க எர்த்தை வெட்டிவிட்ட ஆம்ப்பை வாசிக்கிறவர், மைக்கில் உதடு படுகிற நொடியில் உயிரைப் பணயம் வைக்கிறார்.

ஈயப்பற்று

பூட்டி முடித்ததும் பவர் போட அவசரப்படாதீர்கள். முதலில் பழைய மூன்று அளவையும் திரும்ப எடுங்கள்: 1 மெக், 136 கே, ஸ்லீவ் முதல் சேசிஸுக்கு 1 ஓமுக்குள். வடிக்க மாட்டிய கிளிப்பைக் கழற்றி, வால்வுகளை அதனதன் சாக்கெட்டில் மாட்டி, ஸ்பீக்கரை இணைத்துவிட்டு, 100 வாட் சீரிஸ் பல்பு (மெயின்ஸ் வயரில் தொடராகச் சேர்த்த இழை பல்பு) வழியாக 230 வோல்ட் கொடுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உடனே அணையுங்கள், எங்கோ ஷார்ட்.

பல்பை எடுத்துவிட்டு நேரடி மெயின்ஸில், எதுவும் செருகாமல் வால்யூமை 3 வையுங்கள். முன்பு வந்த இரைச்சல் போயிருக்க வேண்டும். பிறகு முதல் ஜாக்கில் கேபிளைச் செருகி, காய்ந்த மூங்கில் குச்சியால் பிளக்கையும் பானலையும் தட்டுங்கள். பென்சிலால் தட்ட வேண்டாம், உள்ளே இருக்கும் கிராஃபைட் கடத்தும். மெல்லிய டொக் சத்தம் கேட்பது முதல் 12ஏஎக்ஸ்7-இன் இயல்பு. கரகரப்பு கேட்டால் எந்தக் காலையோ விட்டுவிட்டீர்கள். அப்போது அணைத்து, வடித்து, அளந்துவிட்டுத்தான் மறுபடி கை வைக்க வேண்டும்.